பொறுப்பிலிருந்து விலகியவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

எங்கள் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைவராக இருந்துவிட்டு நானாகவே விலகினேன். யாரும் தள்ளவில்லை. அதிகாரம் போனது உறைக்கவே இல்லை. உறைத்தது வேறு. சாதாரண உறுப்பினராக ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் கேள்வி எழுந்தால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். அன்று புதியவர் பக்கம் திரும்பின. பாதி திறந்த வாயை இருமிச் சமாளித்தேன். என் ஜோக்குகளுக்குக் கிடைத்த சிரிப்பும் குறைந்துவிட்டது (அது நியாயம்தான் என்கிறார்கள் வீட்டில்).

அப்புறமும் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் ‘முன்னாள் தலைவர்’ என்றே வாயில் வரும். சமூகவியலாளர் ஹெலன் ஈபா, கன்னியாஸ்திரீயாக இருந்து வெளியே வந்தவர், 1988இல் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார். விட்டுவந்த பொறுப்பின் மிச்சம் புதிய வாழ்க்கையிலும் ஒட்டிக்கொண்டேதான் இருக்குமாம். படித்ததும் நிம்மதி. ‘நிஜமான நான்’ எங்கோ ஒளிந்திருக்கிறேன் என்று தேடுவதை விட்டேன்.

இப்போது பென்சிலில் படம் வரைகிறேன், சின்ன வயதில் விட்டது. கையெழுத்துப் போட்டே பழகிய கை, எந்தக் கோட்டையும் அவசரமாக முடிக்கப் பார்க்கிறது. மூக்கு வரைந்தால் கொக்கி மாதிரி வருகிறது. ‘பிரமாதம் சார்’ என்று சொல்ல ஆளில்லை. அதுவே சுகமாக இருக்கிறது.

*

சார், கூட்டத்தில் வாய் திறந்து மூடிய கதை எனக்கும் உண்டு. ஆனால் எனக்குக் கஷ்டமாக இருந்தது நாம் கட்டியதை அடுத்தவர் மாற்றுவதைப் பார்ப்பதுதான்.

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305இல் தானாகவே பதவியை விட்டார். 308இல் திரும்ப வாருங்கள் என்று கூப்பிட்டபோது, நான் வளர்க்கும் முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்றாராம். எல்லாரும் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். ஆட்சியை நாலு பேருக்குப் பிரித்து அவர் உண்டாக்கிய ஏற்பாடு அவர் உயிரோடு இருக்கும்போதே சண்டையில் சிதறியது. முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அதையும் கேள்விப்பட்டுக்கொண்டிருந்திருப்பார், பாவம்.

நான் ஆரம்பித்த பயிற்சி வகுப்பைப் புதியவர் நிறுத்திவிட்டார். பழைய ஆட்கள் என்னிடம் வந்து புலம்பினார்கள். ‘அவரிடமே பேசுங்கள்’ என்று அனுப்பிவைத்தேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு, இன்னும் பேசவில்லை.