அம்மாவுக்கு முட்டி வலி, எல்லாமே தேய்மானம்தானா?

தஞ்சாவூர் பொண்ணு:
அம்மாவுக்கு 56 வயசு, சுகர் இருக்கு. நாலு மாசமா வலது முட்டி வலி. எக்ஸ்ரே பாத்துட்டு தேய்மானம்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க, சாப்பிடுற வரைக்கும் கேக்குது, விட்டா திரும்ப வந்துடுது. சமதரையில நடந்துடறாங்க, ஆனா படி ஏறும்போதும் கீழ உக்காந்து எந்திரிக்கும்போதும் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. வேற எதுனாலயும் இப்படி வருமா?

பிசியோ அக்கா:
வரும்மா. 50 தாண்டுனா வலியே இல்லாதவங்க எக்ஸ்ரேலயும் கொஞ்சம் தேய்மானம் தெரியலாம், அதனால படத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. வலிக்கிற இடத்தை ஒரே விரலால தொட்டுக் காட்டச் சொல்லுங்க. முட்டிச்சில்லைச் சுத்தி வலிச்சு, படி இறங்கறப்பவும் ரொம்ப நேரம் காலை மடக்கி உக்காந்தாலும் அதிகமானா சில்லுப் பிரச்சனையா இருக்கலாம். கால் திடீர்னு மாட்டிக்கிட்டு நீட்ட வரலன்னா ஜவ்வைப் பாக்கணும். உள்பக்கமா, மூட்டுக்கு கீழ மூணு விரல் தள்ளி எலும்பு மேல வலிச்சா அது மூட்டு வலியாவே இல்லாம இருக்கலாம், தொடையில இருந்து வர்ற மூணு தசைநார் வாத்துக் கால் மாதிரி விரிஞ்சு அங்கதான் ஒட்டுது, அதுக்கு அடியில இருக்கற சின்ன நீர்ப்பை வீங்கிடும். சுகரும் வெயிட்டும் இருக்கற பொம்பளைங்களுக்கு இதை நிறைய பாக்கறோம்.

மதுரைத் தம்பி:
எங்கப்பாவுக்கு ஒரு வருஷம் முட்டிக்கே தைலம் தேச்சோம் சார், கடைசில பாத்தா இடுப்பு மூட்டு. சம்மணம் போட முடியலன்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தாரு, நாங்கதான் காதுல வாங்கல. அதையும் கேட்டுப் பாருங்க. முட்டி செவந்து சூடா வீங்கி காய்ச்சலும் வந்தா மட்டும் ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்க, சுகர் இருக்கு வேற.

தஞ்சாவூர் பொண்ணு:
அக்கா, காட்டச் சொன்னேன். நீங்க சொன்ன அதே இடம்! நான் லேசா அமுக்குனதுக்கே காலை இழுத்துக்கிட்டாங்க. ஒருக்களிச்சுப் படுத்தா ரெண்டு முட்டியும் இடிச்சு முழிப்பு வந்துடுதாம், இதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல.

பிசியோ அக்கா:
அது முக்கியமான அடையாளம்மா. இன்னைக்கே முட்டிக்கு நடுவுல ஒரு தலகாணி வெச்சு படுக்கச் சொல்லுங்க. எலும்பு டாக்டர்கிட்ட இந்த இடத்தை கைவெச்சுக் காட்டி, ராத்திரி முழிப்பு வர்றதையும் சொல்லுங்க. அங்க ஸ்டீராய்டு ஊசி போடலாம்னு சொன்னா சுகர் இருக்கறத மறக்காம சொல்லணும், சில நாள் சுகர் ஏறும். தொடைத் தசைக்கான பயிற்சியை பிசியோவ நேர்ல பாத்து கத்துக்கிட்டு ஆரம்பிங்க.