தீங்கு குறைப்பு: இழைக்கு ஒரு பதில், கொஞ்சம் நீளம்

குழும நண்பர்களுக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து வணக்கம்.

மூன்று நாளாக இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். மருந்துக்கடையில் காய்ச்சல் கூட்டம், தட்டச்ச நேரமில்லை. போதைப்பொருள் எடுப்பவர்களுக்கு அதனால் வரும் தீங்கைக் குறைக்கும் 'harm reduction' முறைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டவன் நான் என்பதால், எதற்குக் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் கோவாவில் ஓட்டல் வேலை பார்க்கிறான். லீவில் வந்தபோது கடைக்கு வந்து, கூட்டம் கலையும்வரை நின்றான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, நம்ம பசங்க ராத்திரிப் பார்ட்டிக்குப் போறாங்க. மாத்திரை, பவுடர்னு எதையெதையோ போடுறாங்க. என்ன ஆகும், ஆயிட்டா என்ன செய்யணும்னு யாருக்கும் தெரியல. தமிழ்ல ஒரு தாள் எழுதித் தாங்களேன்." எங்கள் கரையில் விடிய விடிய ஆடும் எலக்ட்ரானிக் பார்ட்டி எல்லாம் கிடையாது, திருவிழா ஆடல் பாடலோடு சரி. ஆனால் பிழைக்கப் போகிற பிள்ளைகள் போகிற இடத்துப் பழக்கத்தோடுதானே திரும்பி வருகிறார்கள். தாளுக்குத் தலைப்பு எழுத உட்கார்ந்தேன், முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன்.

மதுரை ஐயா 'போதைத் தீங்கு ஒழிப்பு' என்றார். ஐயா மன்னிக்கணும், அது வேண்டாம். கொசு ஒழிப்பு, வறுமை ஒழிப்பு, வரதட்சணை ஒழிப்பு என்று ஒழிப்பு வந்த இடமெல்லாம் அரசாங்கச் சுவர் எழுத்து வாசம் அடிக்கிறது. இந்தக் கருத்து பிறந்ததே அதற்கு எதிர்ப்பக்கத்தில். ஆம்ஸ்டர்டாமில் 1984இல், ஊசியில் போதை ஏற்றிக்கொள்பவர்களே சங்கமாகக் கூடி, ஹெபடைடிஸ் பி பரவுகிறது, சுத்தமான ஊசி கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். 'விட்டுவிட்டு வா, பிறகு உதவுகிறேன்' என்று நிபந்தனை போடாததுதான் இதன் உயிர். நம் நாட்டிலும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஊசி மாற்றித் தருவதும், ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் மேற்பார்வையில் புப்ரெநார்ஃபின் தருவதும் உண்டு. வேலை நடக்கிறது, தமிழில் அதற்கு வாய்க்கு வசதியான பேர்தான் இல்லை.

'அப்படியானால் போடச் சொல்லிக் கொடுக்கிறீர்களா' என்று கோவை அக்கா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அக்கா, ஒருநாள் பாம்பன் சின்னப்பாலம் பக்கம் வாருங்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு இறங்குவார்கள், பாறை கிழிக்கும் என்பதால். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு அங்கே பாசி எடுக்கத் தடை. தடை இருந்தும் வயிற்றுப்பாட்டுக்காகப் போகிறார்கள். அந்தத் துணியைப் பார்த்து 'சட்டத்தை மீறத் தூண்டுகிறது' என்று இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் தேடும் சொல் அந்தத் துணிக்கான சொல்.

என் முதல் யோசனை 'சேதாரக் குறைப்பு'. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. நகைக்கடையில் 'சேதாரத்தைக் குறைங்க' என்று பேரம் பேசுவோமே தவிர, சேதாரம் இருக்கிறதென்று நகை வாங்காமலா திரும்புவோம்? கருத்து கச்சிதமாக உட்காருகிறது என்று நினைத்தேன். கடைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வரும் ஓர் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மகனும் வெளியூரில்தான். "எம்புள்ள என்ன பவுனா தம்பி, உருக்குனதுல இம்புட்டுப் போச்சுன்னு கணக்குப் பார்க்க?" என்றார். அன்றோடு அதைக் கைவிட்டேன்.

அடுத்து 'தீங்கு தணிப்பு'. இதற்குத்தான் குழுமத்தில் ஆதரவு அதிகம், ஓசையும் நன்றாக இருக்கிறது. எனக்கு ஒரு தயக்கம். தணிவது ஏற்கெனவே மூண்டுவிட்ட ஒன்று: காய்ச்சல், கோபம், தீ. தீராத நோய்க்காரர்களின் வலிக்குப் பார்க்கும் வைத்தியத்தையும் தணிப்புச் சிகிச்சை என்கிறோம். நாம் பேசுவது பெரும்பாலும் தீங்கு வருவதற்கு முன் செய்வதைப் பற்றி. அதனால் என் ஓட்டு 'தீங்கு குறைப்பு'க்கு. கவர்ச்சி இல்லாத சொல்தான். ஆனால் 'குறை' என்றால் என்ன என்று கடைக்கு வரும் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பார்களே, தாளிலிருந்து ஒரு பகுதி. பார்ட்டிகளில் 'எக்ஸ்டசி' என்று புழங்கும் எம்.டி.எம்.ஏ. உடம்புச் சூட்டை ஏற்றும். அடைத்த கூடத்தில் மணிக்கணக்காக ஆடினால் சூடு உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குப் போகும். அதற்கு 'நிறையத் தண்ணீர் குடி' என்று எழுதினால் அதுவே இன்னொரு தீங்கு. அந்த மருந்து உடம்பில் தண்ணீரைத் தேக்கிவைக்கும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மூளை வீங்கும். 1995இல் இங்கிலாந்தில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய 7 லிட்டர் குடித்து இப்படித்தான் இறந்தாள். ஆகவே 'இடையிடையே உட்கார், கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. ஆடும்போது மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போகாதே' என்று எழுதினேன். 'உப்புச்சத்துக் குறைவு' என்பதற்கு மட்டும் இங்கே விளக்கம் தேவைப்படவில்லை. வாலிநோக்கம் உப்பளத்து வெயிலைப் பார்த்த ஊர் இது.

இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். ஆட வருபவர் கையில் இருக்கும் மாத்திரை உண்மையில் என்ன என்று சோதித்துச் சொல்லும் ஏற்பாடு நெதர்லாந்தில் 1992 முதல் நடக்கிறது. நியூசிலாந்து 2021இல் தனிச் சட்டம் போட்டே அதை நிரந்தரமாக்கியது. இங்கே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி சோதிக்க வாங்கிய கையும் குற்றக் கையாகிவிடக்கூடும், எனவே தாளில் இதற்கு ஒரு வரிக்கு மேல் வேலை இல்லை. ஆனாலும் சொல் வேண்டும். திருச்சி நண்பர் 'உரைகல் சோதனை' என்று எழுதியதைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். அப்புறம் யோசித்தால் அது ஆபத்தான சொல். உரைகல் பொன்னின் மாற்றைச் சொல்லும். மாத்திரைத் தூளில் விட்டு நிறம் பார்க்கும் மார்க்விஸ் என்ற ரசாயனத் துளி அப்படியல்ல. எம்.டி.எம்.ஏ. இருந்தால் ஊதாவாகிக் கறுக்கும், அவ்வளவுதான். எவ்வளவு இருக்கிறது, கூட வேறென்ன கலந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. எம்.டி.எம்.ஏ. என்ற பேரில் கைக்கு வந்துவிடும் பி.எம்.ஏ. என்ற வேறொரு போதைப்பொருள் அதில் நிறமே காட்டாது. அதுவோ மெதுவாக ஏறுவது; 'ஏறலையே' என்று இன்னொன்றைப் போட்டு உயிர்விட்டவர்கள் உண்டு. உரைத்துப் பார்த்தாச்சு, சுத்தத் தங்கம் என்று பையன் நம்பிவிட்டால் சொல்லே தீங்கு செய்ததாகிவிடும். 'நிறச் சோதனை' என்றே வைத்துக்கொள்வோம். சாயம் வெளுத்தால் வெளுக்கட்டும், பொய்யாவது சொல்லாது.

ஆட்டத்துக்கு நடுவே போய் உட்கார, இசை எட்டாத குளிர்ந்த அறை வைப்பார்கள் அல்லவா, அதற்கு 'ஆறமர் அறை' என்று சென்னைத் தங்கை கொடுத்தது அருமை. ஆற அமர என்பதிலிருந்து வந்தது கண்ணுக்கே தெரிகிறது. மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

மிச்சம் ஒற்றுச் சண்டை: 'தீங்கு குறைப்பு' என்பதா, 'தீங்குக் குறைப்பு' என்பதா? தீங்கைக் குறைப்பது என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் ஒற்று வேண்டாம் என்பது என் கட்சி. குரங்குக்குட்டிக்கு மிகும்போது இதற்கு ஏன் மிகாது என்கிறார் மதுரை ஐயா. வியாழக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது. ராமநாதபுரத்து அச்சகக்காரர் நான் எழுதிக் கொடுத்த எதிலும் ஒரு 'க்' சேர்க்காமல் விட்டதில்லை. இந்த முறை அவர் சேர்த்தால் ஐயா ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாம்.