மணி பிரேஸ்லெட்: முடிச்சு நிற்கிறது, நூல்தான் அறுகிறது

வணக்கம். விற்பனைக்குச் செய்யும் எலாஸ்டிக் பிரேஸ்லெட்டுகள் ஆறு, எட்டு வாரத்தில் அறுந்து திரும்பி வருகின்றன. ஊர் சென்னை, வாங்கியவர்கள் பெரும்பாலும் தினமும் போடுகிறவர்கள்.

அளவு 7 அங்குலம். 8 மி.மீ. டைகர் ஐ கல்மணி 20, நடுவில் தங்க முலாம் பூசிய பித்தளை ஸ்பேசர் (கல்மணிகளுக்கு இடையே கோர்க்கும் சிறு உலோக மணி) 4. நூல் 0.8 மி.மீ. ஒற்றை இழை எலாஸ்டிக், ஒரே சுற்று. கல்மணியின் ஓட்டை சுமார் 1 மி.மீ. என்பதால் இரட்டை நூல் நுழைய மறுக்கிறது.

திரும்பி வந்தவற்றில் முடிச்சு அப்படியே இருக்கிறது. அறுபட்டது எல்லாமே ஸ்பேசரை ஒட்டிய இடத்தில். அங்கே நூல் வெளுத்து, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஸ்பேசர் ஓட்டையின் விளிம்பில் பிசிறு.

கோர்க்கும் முன் நூலை நாலைந்து முறை இழுத்துத் தளர்த்துகிறேன். போடுவது சர்ஜன் முடிச்சுதான் (நூலைக் கூடுதலாக ஒரு சுற்று சுற்றி இறுக்கும் முடிச்சு). உடனே ஒட்டும் பசை காய்ந்ததும் நூலை விறைப்பாக்கி முடிச்சருகே ஒடித்தது. நகைக்கான வளையும் பசைக்கு மாறியதும் அது நின்றது. 0.7 மி.மீ. பல இழை எலாஸ்டிக்கும் போட்டுப் பார்த்தேன், பிசிறில் சிக்கி இழை இழையாகப் பிரிந்தது. வைர முனை ரீமரால் ஓட்டையைத் தேய்த்தால் பிசிறு போகிறது, கூடவே முலாமும் போய் பித்தளை தெரிகிறது. 200 ஸ்பேசருக்கு அது நடக்கிற காரியமும் இல்லை.

கொக்கி வைத்த கம்பி வேண்டாம், வாங்குகிறவர்கள் எலாஸ்டிக்தான் கேட்கிறார்கள்.

ஸ்பேசரின் இருபுறமும் 2 மி.மீ. கண்ணாடிப் பாசிமணி வைத்தால் நூல் விளிம்பில் உரசுவது உண்மையிலேயே குறைகிறதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.