களியும் மல்லாட்டைத் துவையலும் போதுமா? லைசின் பற்றி அனுபவப் பகிர்வு

உணவு ஆலோசகர், காட்பாடி:
அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து வீடுகள்ல சாப்பாட்டுக் கணக்கு எடுத்தா அடிக்கடி வர்றது இதுதான்: காலையில கூழ், மதியம் சோறு, ராத்திரி களியும் மல்லாட்டை (வேர்க்கடலை) துவையலும். வயிறு நிறையும், புரதக் கணக்கும் ஓரளவு சரியா வரும். குறையுறது லைசின். புரதத்தைக் கட்டுற செங்கல் மாதிரியான அமினோ அமிலங்கள்ல, நம்ம உடம்பு தானா செஞ்சுக்க முடியாத ஒண்ணு அது. பெரியவங்களுக்கு உடல் எடையில கிலோவுக்கு நாளைக்கு 30 மி.கி. வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2007-ல சொன்னது. 60 கிலோ ஆளுக்கு 1,800 மி.கி.

300 கிராம் அரிசியில சுமார் 850 மி.கி., 100 கிராம் கேழ்வரகு மாவுல 200. இன்னும் 750 துண்டு விழுது. மல்லாட்டை அதை அடைச்சிடும்னு பலரும் நம்புறாங்க. 30 கிராம் கொட்டையில 260 தான் தேறும். அதோட புரதத்துல ஆர்ஜினின்ங்கிற வேற அமினோ அமிலம் ஏராளம், லைசின் கம்மி. 50 கிராம் துவரம்பருப்புல அந்த 750-உம் வந்துடும். 50 கிராம்னா வேகவைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்த அளவு, ஒரு ஆளுக்கு. நாலு பேருக்கு 100 கிராம் போட்டு நீர்க்க சாம்பார் வெச்சு, மேலாக மொண்டு ஊத்தினா பருப்பு அடியிலேயே நின்னுடும். களிக்கு கொள்ளுக் கடைசல், கீரை போட்ட பருப்புக் கடைசல், காராமணிக் குழம்புன்னு மாத்துங்க. துவையல் கூட இருக்கட்டும். ஒரு முட்டையில 450, ஒரு டம்ளர் பால்ல 500 கிடைக்கும்.

மாவு மில், குடியாத்தம்:
மேடம் சொன்ன கணக்கு சத்துமாவுக்கும் பொருந்தும். கொண்டு வர்ற டப்பாவுல பெரும்பாலும் கேழ்வரகு, கம்பு, கோதுமை, மேல முந்திரி, பாதாம். பருப்பு ஒரு கைப்பிடிதான். கிலோவுக்கு இப்படிப் போட்டா தேறும்: கேழ்வரகு 450 கிராம், அரிசி 150, பாசிப்பயறு 150, பொட்டுக்கடலை 150, மல்லாட்டை 100.

கெடுறது வறுக்கிறதுலதான். நல்லா செவந்தாதான் மணம்னு கருக விடுறாங்க. அந்தச் செவப்பே லைசின் சர்க்கரையோட ஒட்டிக்கிட்டதோட அடையாளம். அப்படி ஒட்டினதை உடம்பு பிரிச்சு எடுத்துக்காது. முளை கட்டின கேழ்வரகுல இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏன்னா முளை விடும்போது மாவுச்சத்து உடைஞ்சு சர்க்கரையாகுது. அதை நிழல்ல நல்லா காயவெச்சு, அடி கனமான வாணலியில சின்னத் தீயில, ஒரு பருக்கையைக் கடிச்சா நறுக்குன்னு உடையுற வரைக்கும் புரட்டினா போதும். பயறைத் தனியா வறுங்க. ரெண்டையும் ஒண்ணா கொட்டினா பெருசு வேகுறதுக்குள்ள சின்னது கருகிடும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தது, அதைத் தொடாதீங்க.

அரைச்ச மாவு மில்லுல இருந்து கொதிக்கக் கொதிக்க வரும். தாம்பாளத்துல பரப்பி, கை வெச்சா சூடு தெரியாத பிறகு டப்பாவுல போடுங்க. வெல்லமும் பால் பவுடரும் முன்கூட்டியே கலந்து வைக்கவே வேணாம். சித்திரை வெயில்ல அந்த டப்பா மாசத்துக்குள்ள பழுப்பாயிடும். காய்ச்சும்போது கலந்துக்கலாம்.

மருந்தாளுநர், ஆற்காடு:
வாய்ப்புண்ணுக்கு லைசின் மாத்திரை கேட்டு வர்றாங்க. கன்னத்துக்கு உள்ள வர்ற வெள்ளைப் புண் வேற. உதட்டோரம் குறுகுறுன்னு ஆரம்பிச்சு கொத்தா வர்ற ஹெர்பிஸ் வைரஸ் கொப்புளம் வேற. லைசினைப் பரிசோதிச்சது ரெண்டாவதுக்குத்தான், அதுலயும் தடுக்கும்னு உறுதியா நிரூபணம் ஆகல. குறுகுறுப்பு வந்த உடனே டாக்டர்கிட்ட காட்டுறதுதான் பலன் தரும். பசிக்காக சிரப் வாங்குறவங்க லேபிள்ல 5 மி.லி.க்கு எவ்வளவு லைசின்னு பாருங்க. 10 கிராம் பருப்புல 150 மி.கி. இருக்கு. கிட்னி கோளாறு இருக்கிறவங்க தாங்களா மாத்திரை எடுக்கக் கூடாது.

செவிலியர், அணு மருத்துவப் பிரிவு, வேலூர்:
லைசின் மருந்தா நிச்சயமா வேலை செய்யுற இடம் ஒண்ணு இருக்கு. நியூரோஎண்டோக்ரைன் கட்டிக்கு (ஹார்மோன் சுரக்கிற செல்கள்ல வர்ற கட்டி) லுடீசியம்ங்கிற கதிரியக்க மருந்தை ஊசியா போடும்போது, மருந்து கிட்னியில வடிகட்டி திரும்ப உறிஞ்சப்பட்டு அங்கேயே தங்கிடும். லைசினும் ஆர்ஜினினும் அந்த உறிஞ்சும் வாசலை அடைச்சு நிக்கும். ரெண்டும் 25 கிராம் வீதம், ஊசிக்கு அரை மணி முன்னாடி ஆரம்பிச்சு மொத்தம் நாலு மணி நேரம் ட்ரிப்ல போகும்.

குமட்டல் வரும். வாந்தித் தடுப்பு ஊசியை ட்ரிப்புக்கு முன்னாடியே போட்டுடணும். பொட்டாசியம் ஏறலாம், அதனால ரத்த அளவு பார்த்துட்டுத்தான் தொடங்கணும். மேற்கு வங்கத்துல இருந்து வர்ற நோயாளிகளோட துணையாள்கள் "சத்து பாட்டில்தானே, குமட்டுது, நிறுத்திடுங்க"ன்னு கேட்பாங்க. கிட்னிக்குக் காவலே அந்த பாட்டில்தான்னு முன்கூட்டியே அவங்க மொழியில சொல்லிடணும். கதிர் மருந்தைக் குறைச்சாலும் இந்த அளவைக் குறைக்கக் கூடாது.

செவிலியர், குழந்தைகள் வார்டு, வேலூர்:
குளூட்டாரிக் அசிடூரியா முதல் வகைங்கிற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்கு மேல சொன்ன சாப்பாட்டுக் கணக்கு எதுவும் பொருந்தாது. லைசினை உடைக்கிற நொதி அவங்களுக்கு வேலை செய்யாது, கழிவு மூளையைத் தாக்கும். லைசின் இல்லாத தனிப் பால்மாவு, அளந்து கொடுக்கிற சோறு, அந்தக் கழிவை வெளியேத்த உதவுற கார்னிடைன் மருந்து, இதுதான் அவங்களுக்கு. பாட்டி ஆசையா ஊட்டுற ஒரு கிண்ணம் பருப்பு சாதமும் கணக்குல வரணும். அதைவிட ஆபத்து காய்ச்சலும் வாந்தியும். சாப்பிடாத உடம்பு தன் தசையையே கரைக்கும், அதுலயும் லைசின் இருக்கு. முதல் ஆறு வயசு வரைக்கும் காய்ச்சல் கண்ட அன்னைக்கே, டாக்டர் எழுதிக் கொடுத்த அவசரச் சீட்டோட குளுக்கோஸ் ஏத்துற இடத்துக்கு வந்துடுங்க. காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.