ஸ்டென்ட் வைத்தவருக்குக் கடல் மீன் கொடுக்கலாமா? டி.எம்.ஏ.ஓ. பற்றி ஒரு சந்தேகம்

புதுவை_உணவியல்:
மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து வீடு திரும்புகிறவர்களுக்காக ஒரு பக்க உணவுக் குறிப்பு தயாராகிறது. வாங்கிப் போகிறவர்களில் பாதிப்பேர் கடலூர் ஓ.டி., தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கத்து மீனவக் குடும்பங்கள். வரைவில் "கடல் மீன் வேண்டாம், டி.எம்.ஏ.ஓ. ஏறும்" என்று ஒரு வரி இருக்கிறது (டி.எம்.ஏ.ஓ. என்பது ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு, ரத்தத்தில் அதிகமானால் இதயத்துக்கு ஆபத்து என்று பேசப்படும் பொருள்). அந்த வரி நிற்குமா? குடல் பாக்டீரியா உண்டாக்கும் பொருள்கள் இதயம் ஆறுவதைப் பாதிக்கும் என்றால், குறிப்பில் எதைச் சொல்வது பயன்படும்?

நொதி_வாத்தியார்:
அந்த வரியை எடுத்துவிடுங்கள் மேடம். இரண்டு வேறு வழிகளை அது ஒன்றாகக் குழப்புகிறது.

முட்டை மஞ்சள் கருவில் உள்ள கோலின், ஆட்டுக்கறி, மாட்டுக்கறியில் உள்ள கார்னிடைன் இரண்டையும் குடல் பாக்டீரியா உடைத்து ட்ரைமெத்திலமைன் ஆக்கும். அது கல்லீரலுக்குப் போய், எஃப்.எம்.ஓ.3 என்ற நொதியால் டி.எம்.ஏ.ஓ. ஆகிறது. கிளீவ்லாந்து கிளினிக் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில் 4,007 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். டி.எம்.ஏ.ஓ. மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் ஆபத்து, மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேருக்கு இருந்ததைப் போல சுமார் 2.5 மடங்கு. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை டி.எம்.ஏ.ஓ. சட்டென்று ஒட்டிக்கொள்ள வைக்கிறது என்று 2016-ல் அதே குழு காட்டியது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

கடல் மீனின் கதை வேறு. உப்புநீரைத் தாங்க மீனே தன் தசையில் டி.எம்.ஏ.ஓ.வைச் சேர்த்து வைக்கிறது. பாக்டீரியா தயவு தேவையில்லை. மீன் சாப்பிட்ட 15 நிமிடத்திலேயே ரத்தத்தில் ஏறும், சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும். ஏரிக் கெண்டையில் இது மிகக் குறைவு. மார்க்கெட்டில் நாள்பட்ட மீனின் செவுளைத் தூக்கினால் அடிக்கும் வாடை, இந்த டி.எம்.ஏ.ஓ.வை பாக்டீரியா ட்ரைமெத்திலமைனாக உடைத்ததால் வருவது. புளித்தண்ணியில் அலசினால் வாடை அடங்குகிறதே, புளியின் அமிலம் அதைப் பிடித்து உப்பாக்கி ஆவியாக விடாமல் வைத்துவிடுகிறது.

அமெரிக்க இதய சங்கமே வாரம் ஒன்றிரண்டு வேளை மீன் சாப்பிடச் சொல்கிறது, எண்ணெயில் பொரிக்காமல். மத்தி, கானாங்கெளுத்தி குழம்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மட்டன் போனால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

லேப்_ஓரம்:
"டி.எம்.ஏ.ஓ. டெஸ்ட் எடுங்க" என்று எழுதும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள். முந்தின ராத்திரி வஞ்சிரம் சாப்பிட்டவரின் ரிசல்ட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறியிருந்தால் டி.எம்.ஏ.ஓ. தானாகவே தேங்கி உயரும். அங்கே சொல்வது சிறுநீரகம், சாப்பாடு அல்ல. எண் என்னவாக வந்தாலும் ஆஸ்பிரின், ஸ்டாடின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை), தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் இரண்டாவது மாத்திரை எதுவும் மாறப்போவதில்லை. அந்தக் காசுக்கு எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு), ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரை அளவு), கிரியேட்டினின் பார்க்கலாம்.

நொதி_வாத்தியார்:
ஆறுவது பற்றிக் கேட்டீர்கள். நார்ச்சத்தைப் புளிக்க வைத்து பாக்டீரியா அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. 2019-ல் வந்த எலி ஆய்வில், ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைக் காலி செய்தபின் மாரடைப்பை உண்டாக்கினார்கள். அந்த எலிகளில் இதயச் சுவர் கிழிந்து அதிகம் செத்தன. செத்த தசையை அப்புறப்படுத்தித் தழும்பு கட்டும் வெள்ளணுக்கள் போதுமான அளவு வந்து சேரவில்லை. மேற்சொன்ன கொழுப்பு அமிலங்களைக் கொடுத்தபோது நிலைமை தேறியது. எலியில் பார்த்ததை மனிதருக்கு மருந்துச்சீட்டாக எழுதக்கூடாது. ஆனால் மெடிக்கலில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள் என்று எழுத இன்னொரு வலுவான காரணமும் உண்டு: கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், அட்டோர்வாஸ்டாட்டின் (ஒரு ஸ்டாடின்), டிகாக்ரெலர் (ஒரு தட்டணு மாத்திரை) இரண்டின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும், தசைச் சேதமும் ரத்தக்கசிவும் வரலாம். டாக்டர் எழுதியதை மட்டும் முழுசாக முடிக்கட்டும்.

கூழ்பானை:
நார்ச்சத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்குக் குறைந்தது 25 கிராம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம், பச்சரிசியில் 3-க்கும் கீழே. குறிப்பில் அளவு போடும்போது படிப்படியாகப் போடுங்கள்: முதல் வாரம் ஒரு வேளை மட்டும் கேழ்வரகு அல்லது கம்பு, அடுத்த வாரம் ஒரு கைப்பிடி காராமணி சுண்டல், அதற்கப்புறம் அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு. ஒரே நாளில் எல்லாம் கொடுத்தால் வயிறு உப்பி நெஞ்சுக்குழி இறுகும், மறுபடி அட்டாக் என்று வீடே கலங்கும். மறுபக்கமும் எழுதணும்: ஸ்டென்ட் வைத்தவருக்கு நெஞ்சு இறுகினால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

இதயத்தின் பம்பிங் குறைந்து, தண்ணீருக்கு அளவு போட்டவர்களுக்குக் கூழும் நீராகாரமும் அந்தக் கணக்கில் சேரும். இதை எல்லாரும் மறக்கிறார்கள். ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தை உடலிலேயே நிறுத்தும் நீர் மாத்திரை) எடுப்பவருக்கு இளநீர் வேண்டாம், பொட்டாசியம் ஏறும்.

புதுவை_உணவியல்:
மிக்க நன்றி. வரியை இப்படி மாற்றியாச்சு: "மீன் குழம்பாக வாரம் இரண்டு வேளை சாப்பிடலாம். பொரித்த மீனும் கருவாடும் வேண்டாம். ஆட்டுக்கறி, மாட்டுக்கறியைக் குறைக்கவும்."

கூழ்பானை:
கருவாட்டுக்குப் பக்கத்தில் "ஊறவைத்துக் கழுவினாலும்" என்று சேருங்க மேடம், கழுவினால் உப்பு போயிடும்னு நம்பித்தான் சாப்பிடுறாங்க. கூழுக்குத் தொட்டுக்க மோர்மிளகாயும் ஊறுகாயும் வந்துடும், அவற்றையும் அதே வரியில் போட்டுடுங்க. சின்ன வெங்காயம் போதும்னு எழுதினா மாற்றும் கிடைச்ச மாதிரி இருக்கும்.