நான்கு முறை படித்தும் தேர்வில் வரவில்லை. அடுத்த வருடம் எந்தப் பிரிவை எடுப்பது?

முதலாண்டு_மாணவி:

வணக்கம். ஹெல்த் சயின்ஸ் முதலாம் ஆண்டு படிக்கிறேன். அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் முதல் வருடம் எல்லோருக்கும் பொது. வருடக் கடைசியில் மருத்துவ ஆய்வகம், ரேடியாலஜி, பிசியோதெரபி ஆகியவற்றில் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

போன வாரம் அனாடமி தேர்வு. பிரேக்கியல் பிளெக்சஸ், அதாவது கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல், அந்தப் பாடத்தை நான்கு முறை வாசித்தேன். மூன்று நிறத்தில் கோடு போட்டதில் பக்கத்தில் வெள்ளையே மிச்சமில்லை. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. வினாத்தாளில் "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்று வந்ததும் சி5 முதல் டி1 வரை ஐந்து வேர்களையும் எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. வெளியே வந்ததும் அழுதுவிட்டேன்.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் படிக்கிறேன், இதற்கு மேல் நேரம் கிடையாது. எனக்கு ஞாபக சக்தியே குறைவா, படிக்கிற முறை தப்பா? பிரிவு விஷயத்தில் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதில் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்பதைத் தாண்டி யாரும் பேசுவதில்லை. இந்த வேலைகளில் இருக்கும் அண்ணன், அக்காக்கள் யாராவது சொல்லுங்களேன்.

தோள்பட்டை:

பிசியோதெரபில பன்னிரண்டு வருஷமா இருக்கேன். ஞாபக சக்தி பத்தின கவலைய விடுங்க. பிரேக்கியல் பிளெக்சஸ் வாசிச்சா வராது, வரைஞ்சாத்தான் வரும். வெள்ளைத்தாள் ஒண்ணு எடுங்க. வேர் 5, டிரங்க் 3, டிவிஷன் 6, கார்டு 3, கடைசில பெரிய நரம்பு 5. மொதல்ல எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி கோடு மட்டும் இழுங்க, பேரெல்லாம் அப்புறம். தினம் ஒரு தடவை, புத்தகத்தை மூடி வச்சுட்டு. எங்க நிக்குதோ அங்க சிவப்புப் பேனாவால ஒரு புள்ளி வச்சுட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கணும்.

ஒவ்வொரு நரம்போடயும் ஒரு ஆளைச் சேர்த்து வச்சுக்கோங்க. நாற்காலி முதுகு மேல கையைத் தொங்கப்போட்டு அசந்து தூங்கிட்டு, காலைல மணிக்கட்டைத் தூக்க முடியாம ஒருத்தர் வருவார். அமுங்கினது ரேடியல் நரம்பு. அப்படி ஒருத்தர் என் முன்னால கையை நீட்டி உட்கார்ந்தார், கை அப்படியே தொங்குச்சு. அன்னிலேர்ந்து அந்த நரம்பு போற வழி எனக்கு மறக்கல.

எங்க வேலை எப்படின்னு கேட்டா: ஒரே ஆள், ஒரே பயிற்சி, வாரக்கணக்கா. 70 டிகிரி மடங்கற முழங்கால் 75 ஆக ஒரு வாரம் கூட ஆகும். அந்த 5 டிகிரிக்கு அவரோட சேர்ந்து சந்தோஷப்பட உங்களால முடியும்னா வாங்க.

நுண்ணோக்கி:

தங்கச்சி, நான் ஆய்வகத்தில் பதினேழு வருடம். உன் பதிவில் ஒரு வரியில் நின்றுவிட்டேன்: "வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்தது." நாலாவது தடவை வாசிக்கும்போது பக்கம் கண்ணுக்குப் பழகியிருக்கும். பழகினதை மனசு தெரிந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். எதிரே எதுவும் இல்லாதபோது உள்ளிருந்து எடுத்து வைப்பது வேறு வேலை. அந்த வேலையை நீ முதன்முதலாகச் செய்து பார்த்ததே தேர்வறையில்தான்.

ரோடிகர், கார்ப்பிக்கி என்று இரண்டு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். மாணவர்களை ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியை ஒரு முறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், திரும்ப வாசித்ததில் 81 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அப்படியே தலைகீழ்: எழுதிப் பார்த்தது 56, திரும்ப வாசித்தது 42. நீ புத்தகத்தை மூடும்போது உனக்கு வருகிற நம்பிக்கை அந்த ஐந்து நிமிடத்துக்கானது.

அதனால் ஆறு மணி நேரத்தைக் கூட்ட வேண்டாம். ஒரு பாடத்தை நிதானமாக ஒரே ஒரு முறை வாசி. வாசிக்கும்போதே ஒவ்வொரு பத்தியையும் ஒரு கேள்வியாக்கி நோட்டின் இடப்பக்கத்தில் எழுது. வலப்பக்கம் காலியாக இருக்கட்டும். மறுநாள் காலையில் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் அந்தக் கேள்விகளுக்கு வேறொரு தாளில் பதில் எழுது. அப்புறம் மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம். மறுநாளையே ஏன் சொல்கிறேன் என்றால், எப்பிங்ஹவுஸ் என்ற உளவியலாளர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்ட கணக்கு அப்படி: மறதி முதல் நாளிலேயே செங்குத்தாக இறங்கிவிடுகிறது, அதற்குப் பிறகுதான் மெல்லச் சரிகிறது.

பெயர்களுக்கு இது போதும். பிசியாலஜிக்கும் பயோகெமிஸ்ட்ரிக்கும் "ஏன்" என்று கேட்டாக வேண்டும். ரத்த அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் ஏன் ரெனின் என்ற நொதியை விடுகிறது, அதிலிருந்து உப்பு எப்படி உடம்பில் தங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போ. எந்த இடத்தில் குரல் மழுப்புகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் புத்தகத்தைத் திற.

இது தேர்வோடு முடிகிற காரியம் இல்லை. ஒரு இரவுப் பணியில் வார்டிலிருந்து ஒரு ரத்த மாதிரி வந்தது. பொட்டாசியம் 8.1. இயல்பு அளவு 3.5 முதல் 5 வரை. 8 என்றால் இதயமே நின்றுபோகலாம். அதே மாதிரியில் கால்சியம் 4.6 மில்லிகிராம், இருக்க வேண்டியதில் பாதிதான். வார்டுக்கு போன் போட்டு "அவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன். "உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்கார்" என்றார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தேன். ரத்தம் எடுக்கிற ஊதா மூடிக் குழாயில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கும். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தம் உறையாமல் தடுக்கும். முதல் வருடத்தில் இந்த வரியைப் படித்தபோது, ஈடிடிஏவை எந்த உப்பாகப் போடுகிறார்கள் என்று நோட்டில் ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தேன். பொட்டாசிய உப்பு. ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்து இந்த மாதிரியின் குழாயில் ஊற்றியிருந்தார்கள். புதிதாக எடுக்கச் சொன்னேன், பொட்டாசியம் 4.3. அந்த 8.1 ரிப்போர்ட்டாகப் போயிருந்தால், இல்லாத பொட்டாசியத்தைக் குறைக்க அவருக்கு இன்சுலின் ஏற்றியிருப்பார்கள்.

பிரிவைப் பற்றிக் கேட்டாய். ஒவ்வொரு வேலையிலும் அதன் சலிப்பான மணி நேரம் எது என்று விசாரி. நல்ல மணி நேரம் எல்லா வேலையிலும் உண்டு. எங்களுடையது காலையில் நோயாளிகளின் மாதிரியை ஏற்றுவதற்கு முன்னால் கருவிகளுக்குக் கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த மாதிரி, ஓட்டி, எண்கள் வரம்புக்குள் நிற்கும்வரை காத்திருப்பது. அது வரிசையாக வருகிற வேலை, யாரும் பார்ப்பதில்லை, அவசரப்படவும் கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காதவர்கள் இரண்டே வருடத்தில் வாடிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

விடுமுறையில் மூன்று இடத்துக்கும் போய் இரண்டிரண்டு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேள். பிரிவை எடுப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் தவறாமல் விசாரித்துவிடு: நீ வேலை செய்ய நினைக்கிற நாட்டில் உரிமம் தருகிற அமைப்பு உன் படிப்பை ஏற்குமா? என்னோடு படித்த ஒருத்தி இதைக் கேட்காமல் விட்டதால் இரண்டு வருடத்தை இழந்தாள்.

நிழலும்_ஒளியும்:

ரேடியாலஜி பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. "எனக்கு இயந்திரங்கள் பிடிக்கும்" என்று சொல்லி இங்கே வருகிறவர்கள் நிறைய. எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்கன் 1895இல் எடுத்த அந்தப் பேர்பெற்ற படமே அவர் மனைவியின் கைதான். ஒரு மனிதரை அசையாமல் இருக்க வைப்பது அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் பாதி வேலை. இடுப்பு எலும்பு முறிந்தவரைப் பக்கவாட்டில் படமெடுக்க வேண்டும், தொட்டாலே வலிக்கும், ஒரே கோணத்தில் எடுத்தால் முறிவு கண்ணில் படாமல் போகலாம். "இன்னும் ஒரே ஒரு படம்மா" என்று கெஞ்சுகிற குரல் உங்களுக்கு வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இயற்பியலையும் விட்டுவிடாதீர்கள். தூரம் இரட்டிப்பானால் கதிர்வீச்சு கால்வாசியாகும் என்பது எங்களுக்குத் தினசரிப் பாதுகாப்பு.

முதலாண்டு_மாணவி:

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக வரைந்து பார்க்கிறேன் அண்ணா. முதல் நாள் சிவப்புப் புள்ளி டிரங்கிலேயே விழுந்தது. இன்றைக்குப் பின்பக்கக் கார்டு வரை வந்துவிட்டேன், அதன் கிளைகளில் நிற்கிறேன். மறுநாள் காலையில் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது அக்கா. பாதிக்கு மேல் வெறுமையாக விடுகிறேன். ஆனால் விட்டது எது என்று தெரிகிறது.

ஒரு சந்தேகம். ஆய்வக வேலை நீங்கள் சொன்னதிலிருந்து மனதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் நோயாளியின் முகத்தையே பார்க்க முடியாதே, அது வருத்தமாக இருக்காதா?

நுண்ணோக்கி:

இருக்கும். முதல் இரண்டு வருடம் எனக்கு இருந்தது. அப்புறம் ஒரு குழந்தையின் ஸ்லைடு வாராவாரம் என் மேஜைக்கு வர ஆரம்பித்தது. ரத்தப் புற்றுநோய், சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோபில்களின் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கிய வாரங்கள் உண்டு. ஸ்லைடு முழுக்கத் தேடியும் ஒன்றிரண்டுதான் கிடைக்கும். பிறகு ஒரு வாரம் கூடுதலாக நாலைந்து தெரிந்தன. பக்கத்து மேஜையில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தக் குழந்தையின் முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை. பெயரை ஒரு லேபிளில் கண்டாலும் எனக்குத் தெரியும்.

இது உனக்குப் போதுமா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு நீயே சொல்.

பாதி வெறுமையாக விடுவது முதல் வாரத்தில் எல்லோருக்கும் நடக்கும், காலையில் எழுதுவதை நிறுத்தாதே. பின்பக்கக் கார்டுக்கு ஐந்து கிளைகள். நாளைக் காலையில் புத்தகத்தைத் திறக்காமல் அவற்றை எழுதி இங்கே போடு. தப்பாக இருந்தாலும் அப்படியே போடு. தோள்பட்டை அண்ணன் திருத்துவார்.