இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்க இலக்கியத்தில் இனவெறி: 3,000 சொல் கட்டுரைக்கு எத்தனை நூல் எடுக்கலாம்?

செந்தூல் மாணவன்:
வணக்கம். கோலாலம்பூரில் ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. செமஸ்டர் கட்டுரைக்கு நான்கு நூல்கள் எடுத்திருக்கிறேன்: எல்லிசனின் ‘இன்விசிபிள் மேன்’ (1952), ஹான்ஸ்பெரியின் நாடகம் ‘எ ரைசின் இன் த சன்’ (1959), ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960), டோனி மாரிசனின் ‘த புளூவஸ்ட் ஐ’ (1970). நான்குக்கும் இடம் போதுமா? வரலாற்றை எவ்வளவு சேர்ப்பது? நம் மலேசியத் தமிழர்களின் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையோடு ஒப்பிடலாமா?

பங்சார் அக்கா:
தம்பி, நான்கு வேண்டாம். ஒரு நூலுக்கு 700 சொல்தான் கிடைக்கும், அது கதைச்சுருக்கத்திலேயே தீர்ந்துவிடும். ஹான்ஸ்பெரி, எல்லிசன் இரண்டு பேர் போதும்.

ஹான்ஸ்பெரிக்குப் பணத்தைப் பின்தொடருங்கள். ஒரு கறுப்பர் குடும்பத்துக்கு வரும், இறந்த தந்தையின் காப்புறுதிப் பணம் 10,000 டாலர். அம்மா 3,500 டாலரை வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுகிறார். மீதி 6,500ஐ மகன் வால்டரிடம் கொடுக்கிறார். அதில் 3,000 தங்கையின் மருத்துவப் படிப்புக்கு. அவன் முழுவதையும் மதுக்கடைத் திட்டத்தில் போட, கூட்டாளி சுருட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான். இதை வால்டரின் குணக்கேடு என்று மட்டும் எழுதினால் கட்டுரை அங்கேயே சறுக்கும். அம்மா வெள்ளையர் பகுதியில் ஏன் வீடு வாங்கினார் என்று பாருங்கள். கறுப்பர்களுக்கென்று தொலைவில் கட்டும் வீடுகள் இரண்டு மடங்கு விலை என்று அம்மாவே சொல்கிறார். பிறகு அந்தப் பகுதி வெள்ளையர் சங்கத்தின் பிரதிநிதி லின்ட்னர் வருகிறார். திட்டவில்லை, வெளிப்படையாக மிரட்டவில்லை, வாங்கிய விலைக்கு மேலேயே தருகிறோம், வராதீர்கள் என்கிறார். அந்த மரியாதைதான் நாடகத்தின் மிகக் கொடிய இடம். அதற்கு நிறைய இடம் ஒதுக்குங்கள்.

வரலாறு இங்கேதான் வர வேண்டும், முன்னுரையில் இரண்டு பக்கமாக அல்ல. கறுப்பருக்கு விற்கக்கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு விற்பதில் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டரசுச் சட்டம் 1968இல்தான் வந்தது. நாடகம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியதால் எழுந்த ஹான்ஸ்பெரி குடும்பத்தின் சொந்த வழக்கு 1940இல் வென்றதால் அந்த நிபந்தனைகள் ஒழிந்தன என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. அந்த நிபந்தனை செல்லும் என்று வேறு சிலருக்கிடையே நடந்த முந்தைய வழக்கின் தீர்ப்பு அவர்களைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் அந்த வெற்றி. நிபந்தனை செல்லுமா என்பதை நீதிமன்றம் தொடவில்லை.

ஜெலுத்தோங் வாசகன்:
எல்லிசனில், கதைசொல்லியான கறுப்பு இளைஞன் வேலைக்குச் சேரும் பெயிண்ட் தொழிற்சாலை அத்தியாயத்தை எடுங்கள். ஒவ்வொரு வாளி வெள்ளைப் பெயிண்டிலும் பத்துச் சொட்டு கறுப்புத் திரவம் விட்டு, அது மறையும்வரை கலக்க வேண்டும். அப்போதுதான் பளபளக்கும் வெள்ளை வரும். ‘கறுப்பர் உழைப்பின் குறியீடு’ என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். பிறகு வேறு தொட்டியிலிருந்து எடுத்த திரவத்தால் பெயிண்ட் கெடுகிறது. அதைச் சரிசெய்த பிறகும் கதைசொல்லிக்குச் சாம்பல் நிறம் தெரிகிறது. மேற்பார்வையாளரோ வெள்ளைதான் என்று ஒப்புக்கொள்கிறார். பார்க்க மறுக்கும் கண்ணைப் பற்றிய நாவல் இது, ஆகவே வாதத்தை இந்த இடத்தில் ஊன்றுங்கள்.

மற்ற இரண்டிலும் ஒரு பொறி உண்டு. ஹார்ப்பர் லீயின் கதை 1930களில், மாரிசனின் கதை 1940-41இல் நடக்கிறது. எழுதிய காலத்தையும் கதைக் காலத்தையும் குழப்பினால் மதிப்பெண் போகும்.

தோட்டத்து ஒப்பீடு செய்யலாம், வேறுபாட்டிலிருந்து தொடங்கினால். லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு, முதலாளியுடையது. வேலை போனால் வீடும் போகும். நாடகக் குடும்பம் பணம் கொடுத்து வாங்குகிறது, வாங்கிய பிறகும் அவர்களை உள்ளே விட அங்குள்ள வெள்ளையருக்கு மனமில்லை. ‘இரண்டும் ஒன்றுதான்’ என்றால் இரண்டு மக்களுடைய வலிக்கும் அநியாயம். முடிவுரைக்கு முன் 250 சொல், அதற்கு மேல் வேண்டாம்.

செந்தூல் மாணவன்:
நன்றி அக்கா, அண்ணன். நாடகம் நம்பிக்கையோடு முடிகிறது என்று எழுதலாமா?

பங்சார் அக்கா:
குடும்பம் நிமிர்கிறது, அக்கம்பக்கம் மாறவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். கறுப்பர் வீட்டில் குண்டு வீசிய செய்தியைப் பக்கத்து வீட்டு ஜான்சன் அம்மாள் கொண்டுவரும் காட்சி முதல் மேடையேற்றத்தில் வெட்டப்பட்டது. பிந்திய பதிப்புகளில் இருக்கிறது. உங்கள் கையிலுள்ள பதிப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எந்தப் பதிப்பு என்பதைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.